மகன் பிழைத்த சாட்சியை, மகனை இழந்த தாயின் முன்னால் எப்படிச் சொல்வது?

தென்காற்று (திங்கள், இரவு 9.50)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஒரு காரியத்தில் உங்கள் ஆலோசனை எனக்குத் தேவைப்படுகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிறிய திருச்சபைச் சேகரம் எங்களுடையது. அடுத்த மாதம் மூன்று நாள் கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்) நடக்கிறது. இரண்டாம் நாள் இரவு, பிரசங்கச் செய்திக்கு முன்னால், கர்த்தர் எனக்குச் செய்ததை நான் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் போதகர் ஐயரும் வீட்டுக்கு வந்து கேட்டுக்கொண்டார். ஐந்து நிமிடம் தருவார்கள்.

எட்டு மாதங்களுக்கு முன்னால் என் ஒன்பது வயது மகனுக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாட்கள் இருந்தான். பிழைத்து வந்தான். இதைத்தான் சொல்லச் சொல்கிறார்கள்.

எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் அதே வாரத்தில் அதே காய்ச்சல். பத்து வயது. என் மகனுக்குப் பக்கத்துக் கட்டில். இரண்டு பிள்ளைகளுக்காகவும் சபை ஒரே நாளில் உபவாச ஜெபம் வைத்தது. அந்தப் பிள்ளை மூன்றாம் நாள் இரவு இறந்துபோனான். அவனுடைய அம்மாவை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். அடக்கத்துக்குப் போனேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. அவர்களைக் கோயிலில் பார்த்தால் தலை குனிந்துகொள்கிறேன்.

நான் எழுதி வைத்திருப்பது இது:

“என் மகனுக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள். நாங்கள் உபவாசித்து ஜெபித்தோம். எங்கள் விசுவாசத்தைக் கண்ட கர்த்தர் என் மகனைத் திரும்பத் தந்தார். விசுவாசத்தோடு கேட்டால் அவர் ஒருபோதும் இல்லை என்று சொல்லமாட்டார்.”

எழுதி முடித்ததிலிருந்து தூக்கம் இல்லை. அக்கா அன்றைக்கு வருவார்கள். எப்படிச் சொல்வது?

---

விடியல்வெள்ளி (திங்கள், இரவு 10.20)

சகோதரி, தைரியமாகச் சொல்லுங்கள். “தேவனுக்குப் பயந்தவர்களே, நீங்கள் எல்லாரும் வந்து கேளுங்கள், அவர் என் ஆத்துமாவுக்குச் செய்ததைச் சொல்லுவேன்” என்று 66-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. குணமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் திரும்பி வந்து மகிமைப்படுத்தினான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார் அல்லவா? மனிதர்களுடைய மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொண்டால், அந்த ஒன்பது பேரோடு நாமும் சேர்ந்துவிடுவோம்.

நான் இன்று விசுவாசியாக இருப்பதே ஒரு சாட்சியால்தான். கணவர் விட்டுப்போய், கைக்குழந்தையோடு பிரசவ வார்டில் கிடந்தேன். பக்கத்துக் கட்டில் பெண் தன் கதையைச் சொன்னாள். அவள் அன்று கூச்சப்பட்டிருந்தால் நான் இந்நேரம் உயிரோடு இருந்திருக்கமாட்டேன்.

---

திமோத்தேயுவின்_பேரன் (திங்கள், இரவு 10.41)

எங்கள் வாலிபர் கூட்டத்தில் சாட்சி கேட்கும்போதெல்லாம் எனக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. குடித்ததில்லை, சண்டை போட்டதில்லை, சாகக் கிடந்து பிழைத்ததும் இல்லை. பாட்டி மடியில் உட்கார்ந்து சங்கீதம் படித்தேன், அவ்வளவுதான். அதனால் இந்த இழையைக் கவனமாகப் படிக்கிறேன். அக்கா, உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

---

செவிலி (செவ்வாய், காலை 6.15)

இரவுப் பணி முடிந்து இப்போதுதான் வந்தேன். பதினேழு வருடங்களாகக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். நானும் விசுவாசிதான். ஒரே ஒரு கேள்வி, சகோதரி. மருத்துவர்கள் உண்மையிலேயே கைவிட்டார்களா?

கோபத்தில் கேட்கவில்லை. இந்த வரியை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். டெங்குவில் ஆபத்து வருவதே காய்ச்சல் விடும் நேரத்தில்தான். “பிள்ளைக்குச் சூடு குறைந்துவிட்டது” என்று தாய் சந்தோஷப்படும்போது, உள்ளே இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கும். கை கால் சில்லிடும், வயிறு வலிக்கும், நாடித் துடிப்பு மெலியும். அந்த ஒன்றிரண்டு நாட்கள் மணிக்கு மணி இரத்த அழுத்தமும் சிறுநீரின் அளவும் பார்த்து, குளுக்கோஸ் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். குறைந்தால் பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும். கூடிப்போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இத்தனையையும் ஒருவர் உங்கள் மகனுக்காகக் கண் விழித்துச் செய்திருப்பார். அவரும் ஜெபித்துக்கொண்டே செய்திருக்கலாம். நான் அப்படித்தான் செய்வேன்.

---

தென்காற்று (செவ்வாய், காலை 11.05)

சகோதரி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுச் சமையல் கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இல்லை. கைவிடவில்லை. தட்டணுக்கள் 18,000-க்கு இறங்கியபோது பெரிய மருத்துவர் என்னிடம், “இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் சொல்ல முடியும், அம்மா, நாங்கள் கூடவே இருக்கிறோம்” என்றார். நான் ஏன் அப்படி எழுதினேன் என்று யோசிக்கிறேன். சாட்சி என்றால் அந்த வரி வர வேண்டும் என்று கை தானாக எழுதிவிட்டது. இத்தனை வருடங்கள் கேட்டுக் கேட்டுப் பழகிய வரி.

அதை அடித்துவிட்டேன்.

---

பழைய_ஆசிரியர் (செவ்வாய், மாலை 5.30)

மகளே, நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நாற்பது ஆண்டுகளாகச் சபையில் வேதபாடம் வாசிக்கிறேன். அடித்தது நல்லது. ஆனால் உன் தூக்கத்தைக் கெடுத்தது அந்த வரி இல்லை என்று நினைக்கிறேன். கடைசி இரண்டு வரிகளைப் பார்.

“எங்கள் விசுவாசத்தைக் கண்ட கர்த்தர்” என்று நீ சொல்லும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் தாய்க்கு என்ன கேட்கும்? அவளுடைய விசுவாசத்தை அவர் காணவில்லை என்று கேட்கும். “கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்” என்றால், நீ சரியாகக் கேட்கவில்லை என்று கேட்கும். நீ அப்படி நினைத்து எழுதவில்லை. ஆனாலும் சொற்களுக்குள் அது இருக்கிறது.

லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளின் 12-ஆம் அதிகாரத்தை இன்று இரவு எடுத்து வாசி. பேதுரு சிறையிலிருந்து தப்பியதைத்தான் நாம் ஞாயிறு பள்ளியில் பாடமாகப் படித்திருக்கிறோம். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில், யோவானின் சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தினால் கொலை செய்கிறான். ஒரே சபை, ஒரே ராஜா, ஒரே நாட்கள். ஒருவர் போனார், ஒருவர் வந்தார். யாக்கோபின் விசுவாசம் குறைவு என்று லூக்கா எழுதவில்லை. ஏன் இப்படி என்றும் எழுதவில்லை.

விடுதலையான பேதுரு, மாற்கு என்னும் யோவானுடைய தாயின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளே பலர் கூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். யாக்கோபை இழந்த சோகம் ஆறியிராத கூட்டம் அது. அவர்கள் முன்னால் பேதுரு சொன்னது என்ன? கர்த்தர் தன்னைக் காவலிலிருந்து விடுதலையாக்கின விதத்தை விவரித்தார், அவ்வளவுதான். என் விசுவாசத்தால் வந்தேன் என்று சொல்லவில்லை. நீங்களும் இப்படி ஜெபியுங்கள் என்று பாடம் நடத்தவும் இல்லை.

இன்னொன்று. சாட்சி என்ற சொல்லுக்குள் கண் இருக்கிறது. வடமொழியில் ‘அக்ஷி’ என்றால் கண். கண்ணால் கண்டவனே சாட்சி. நீதிமன்றத்தில் சாட்சியை எதற்காகக் கூண்டில் ஏற்றுகிறார்கள்? கண்டதைச் சொல்வதற்கு. தீர்ப்பு எழுதுகிறவர் வேறு ஒருவர். உன் ஐந்து வரிகளில் நீ கண்டது எது, நீ எழுதிய தீர்ப்பு எது என்று பிரித்துப் பார், மகளே.

---

விடியல்வெள்ளி (செவ்வாய், மாலை 6.12)

ஐயா, மன்னியுங்கள், எனக்கு இது ஒப்பவில்லை. விசுவாசத்தைக் கண்டு ஆண்டவர் செய்தார் என்று வேதமே சொல்கிறதே. திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்கினபோது, “அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” என்றுதான் எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் இப்படி வடிகட்டினால் கடைசியில் சாட்சிக்குள் கர்த்தர் இருக்கமாட்டார், ஜாக்கிரதை மட்டும்தான் இருக்கும்.

---

பழைய_ஆசிரியர் (செவ்வாய், மாலை 6.40)

அம்மா, நீங்கள் சொல்லும் வசனம் உண்மை. ஆனால் அங்கே விசுவாசத்தைக் கண்டவர் இயேசு. தங்கள் விசுவாசத்தைப் பற்றி, அவனைச் சுமந்து வந்த நான்கு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாக்கிரதை மட்டும் மிஞ்சக்கூடாது என்று நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். இவள் சொல்லாமல் இருந்துவிடக்கூடாது என்பதில் நாம் இருவரும் ஒன்றுதான்.

---

ஆறாம்_ஆண்டு (செவ்வாய், இரவு 8.25)

நான் இந்தத் தளத்தில் இதுவரை எழுதியதில்லை. ஆசிரியர் ஐயா தீர்ப்பு என்று சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

பதினான்கு வருடம் குடித்தேன். ஒரு கூட்டத்தில் மனம் உடைந்து அழுது, நிறுத்தினேன். நிறுத்தி மூன்று மாதம்கூட ஆகவில்லை, என்னை மேடையில் ஏற்றினார்கள். “ஆண்டவர் ஒரே இரவில் என்னை முழுமையாக விடுதலையாக்கிவிட்டார், இனி அந்த வாசனையே எனக்கு ஆகாது” என்று சொன்னேன். சபையே கைதட்டியது. அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். நான் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

ஏழு வாரம் கழித்து மறுபடியும் குடித்தேன். அதைவிடக் கொடியது, சபைக்குப் போக முடியாமல் போனது. எல்லோரிடமும் அந்த வீடியோ இருக்கிறது. தவறி விழுந்தவனாகப் போயிருந்தால் கை கொடுத்திருப்பார்கள். ஆனால் நான் சாட்சி கெட்டவனாகத்தான் போக முடியும். இரண்டு வருடம் போகவில்லை. அந்த இரண்டு வருடத்தில் என் மனைவி பட்டதை இங்கே எழுத முடியாது.

“அமேசிங் கிரேஸ்” பாடலை எழுதிய ஜான் நியூட்டனைப் பற்றி ஒரு போதகர் எனக்குச் சொன்னார். 1748-ல் நடுக்கடலில் புயலில் கப்பல் மூழ்கப்போகும்போது தேவனை நோக்கிக் கூப்பிட்டவர் அவர். அந்தக் கதையோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கம். ஆனால் அந்தப் புயலுக்குப் பிறகும் 1754 வரை அவர் அடிமைகளை ஏற்றும் கப்பல்களில்தான் போனார், தலைவராகவும் இருந்தார். 1788-ல்தான் தான் செய்த அந்தத் தொழிலை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். நாற்பது வருடம்! இதைக் கேட்ட அன்றுதான் நான் சபைக்குத் திரும்பிப் போனேன்.

இப்போது குடிக்காமல் ஆறாவது ஆண்டு நடக்கிறது. யாராவது கேட்டால், “இன்று குடிக்கவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம், நாளைக்காகவும் எனக்காக ஜெபியுங்கள்” என்று சொல்கிறேன். சகோதரி, நடந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். கூட்டிச் சொன்னதைப் பிறகு நாம்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

---

விடியல்வெள்ளி (செவ்வாய், இரவு 8.50)

சகோதரரே, உங்கள் மனைவியின் பெயரையும் என் ஜெபக் குறிப்பில் எழுதிக்கொள்கிறேன். பெயர் சொல்ல வேண்டாம், அவருக்குத் தெரியும்.

---

மதுரை_வாசகன் (புதன், காலை 7.30)

நான் கிறிஸ்தவன் இல்லை. மீனாட்சியைக் கும்பிடும் குடும்பம். நண்பர் ஒருவர் இந்த இழையை எனக்கு அனுப்பினார். கேட்கும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

என்னிடம் சாட்சி சொன்னவர்கள் பலர். பெரும்பாலோர் பேசும்போதே, நான் எப்போது தலையாட்டுவேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். “இரட்சிக்கப்பட்டேன்”, “அபிஷேகம் பெற்றேன்”, “பாரம் வந்தது” என்றெல்லாம் சொல்வார்கள். ஒன்றும் புரியாது. ஒருவர் மட்டும் வேறு மாதிரி. என் அப்பா இறந்த வாரம் என்னோடு வேலை செய்தவர் வீட்டுக்கு வந்து, “என் அப்பா இறந்தபோது நான் ஒரு வருடம் கடவுளோடு பேசவே இல்லை. பிறகு எப்படியோ பேசத் தொடங்கினேன்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, எங்கும் என்னை அழைக்கவும் இல்லை. பதினொரு வருடம் ஆகிறது. இன்னமும் கஷ்டம் வந்தால் அவரிடம்தான் போகிறேன்.

---

வடக்கன்குளத்தான் (புதன், மதியம் 1.10)

மேலே எழுதிய மதுரை நண்பருக்கு நன்றி. நான் கத்தோலிக்கன். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவரை நீங்கள் இரத்தசாட்சி என்பீர்கள், நாங்கள் மறைசாட்சி என்போம். இரண்டிலும் சாட்சி என்ற சொல் இருக்கிறது.

எங்கள் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயம், நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். நீலகண்டபிள்ளை என்பது அவருடைய இயற்பெயர். 1745-ல் எங்கள் வடக்கன்குளத்தில்தான் திருமுழுக்குப் பெற்றார். 1752 ஜனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். இதெல்லாம் பலருக்கும் தெரியும். அவரிடம் முதன்முதலில் நம்பிக்கையைப் பற்றிப் பேசியவர் யார், எதைப் பேசினார் என்பதைத்தான் இந்த இடத்தில் சொல்ல விரும்புகிறேன்.

பேசியவர் டிலனாய். குளச்சல் போரில் 1741-ல் திருவிதாங்கூர் மன்னரிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். நீலகண்டபிள்ளைக்கு அப்போது குடும்பத்தில் இழப்பு மேல் இழப்பு. மனம் சோர்ந்திருந்தவரிடம் டிலனாய் சொன்னது யோபுவின் கதை. தோற்ற தளபதி, சொத்தை இழந்தவரிடம், எல்லாவற்றையும் இழந்த ஒருவரின் கதையைச் சொன்னார். நான் பிழைத்தேன், ஆகவே நீங்களும் பிழைப்பீர்கள் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் உட்காரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

சகோதரி, அந்தத் தாயைப் போய்ப் பாருங்கள். மேடைக்கு முன்பே போய்ப் பாருங்கள்.

---

தென்காற்று (புதன், இரவு 9.15)

எல்லோரும் சொல்வது புரிகிறது. ஆனால் போய் என்ன பேசுவேன்? என் பிள்ளை வீட்டு வாசலில் பந்து விளையாடுகிறான். அந்தச் சத்தம் அவர்கள் வீட்டுக்குக் கேட்கும். அதற்கே எனக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

---

செவிலி (புதன், இரவு 11.40)

எங்கள் வார்டில் பிள்ளையை இழந்த பெற்றோர் மாதங்கள் கழித்துத் திரும்பி வருவார்கள். இனிப்போ பழமோ வாங்கிக்கொண்டு வருவார்கள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று முதலில் புரியாது. சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு, “அவன் கடைசியாக ஏதாவது கேட்டானா?” என்பார்கள். அதற்காகத்தான் வந்திருப்பார்கள். உங்கள் மகன் பக்கத்துக் கட்டிலில் இருந்தான் என்று எழுதியிருந்தீர்களே. அதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

---

நடத்துநர் (வியாழன், காலை 9.00)

மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். “அந்த வீட்டில் ஏதாவது பாவம் இருந்திருக்கும்” என்ற வகைப் பேச்சுக்கு இந்தத் தளத்தில் இடம் இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமோ, பெற்றோர் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் அல்ல என்று ஆண்டவர் சொன்ன பதிலை யோவான் 9-ல் வாசித்துக்கொள்ளவும்.

---

தென்காற்று (ஐந்து வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 4.30)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

செவிலி சகோதரி எழுதியதைப் படித்த மறுநாளே போனேன். நான் உள்ளே நுழைந்ததும் அக்கா நாற்காலியை எடுத்துப் போட்டார்கள். கன்வென்ஷனில் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், உங்களிடம் கேட்காமல் சொல்லமாட்டேன் என்றேன். அவர்கள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்கள்: “அன்றைக்கு நான் இரத்தம் ஏற்பாடு செய்யக் கீழே போனேனே, அரை மணி நேரம். அவன் என்னைத் தேடினானா?”

எட்டு மாதமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அதுதான். அந்த அரை மணி நேரம் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நான்தான் நின்றேன். அவன் தேடினான். “அம்மா எங்கே?” என்றான். “கீழே போயிருக்கிறாள், வந்துவிடுவாள்” என்றேன். தண்ணீர் கேட்டான்; செவிலியர் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டான். என் மகனைப் பார்த்து, “இவனுக்கு ஊசி போட்டாயிற்றா?” என்று கேட்டான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். அழவில்லை. இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள். இரண்டாம் முறை சொல்லும்போது அவர்கள் என் விரலைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் கிளம்பும்போது, “சாட்சி சொல். நீ சொல்லாவிட்டால் என்னால்தான் சொல்லவில்லை என்பார்கள், அந்தப் பாரம் எனக்கு வேண்டாம். ஆனால் நான் முன்னால் உட்காரமாட்டேன்” என்றார்கள்.

கன்வென்ஷனில் நான் சொன்னது இவ்வளவுதான்:

“என் மகன் சாகும் நிலையில் இருந்தான். மருத்துவர்களும் செவிலியர்களும் இரவெல்லாம் கண் விழித்தார்கள். சபை ஜெபித்தது. அவன் பிழைத்தான். கர்த்தர் அவனை எனக்குத் திரும்பத் தந்தார், நான் அதற்குத் தகுதியானவள் அல்ல. பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளைக்காகவும் இதே சபை இதே கண்ணீரோடு ஜெபித்தது. அவன் நம்மோடு இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசமாட்டேன். அந்தப் பிள்ளை தன் வேதனையிலும் என் மகனை விசாரித்தான். அதை நான் கண்ணால் கண்டேன். இரண்டு பிள்ளைகளையும் உண்டாக்கினவருக்கு ஸ்தோத்திரம்.”

இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கைதட்டல் இல்லை. செய்தி கொடுக்க வந்தவர் உடனே எழுந்திருக்காமல் சிறிது நேரம் உட்கார்ந்தே இருந்தார். அக்கா பெண்கள் பக்கத்து வாசலுக்கு அருகில் நின்றார்கள், செய்தி தொடங்குமுன் போய்விட்டார்கள்.

வரும் சனிக்கிழமை அந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள். கல்லறைத் தோட்டத்துக்கு நானும் வரட்டுமா என்று கேட்டிருந்தேன். இன்று காலை ஆராதனை முடிந்ததும், “உன் மகனையும் கூட்டிக்கொண்டு வா” என்றார்கள்.

---

விடியல்வெள்ளி (ஞாயிறு, மாலை 5.05)

சனிக்கிழமை எத்தனை மணிக்கு, சகோதரி? அந்த நேரத்தில் முழங்காலில் இருப்பேன்.

---

தென்காற்று (ஞாயிறு, மாலை 5.20)

காலை ஏழு மணிக்கு.